சாக மறுத்த அணுக்களோடு வாழ்ந்த பேராசிரியர் பென்சிரி அம்மையாருக்கு

சீ ஆற்றங்கரைச் செம்மண்ணில் பிறந்து, சிற்றணுவின் சின்னஞ்சிறு கதவுகளைச் சலியாமல் தட்டிப் பார்த்த சீர்மிகு செல்வமே! பித்தநாளப் புற்றின் பிடியில் சிக்கிய நம் வடகிழக்கு ஈசான் நாட்டு மக்களுக்காகப் பித்துப் பிடித்தவர்போல் உழைத்த பேராசிரியப் பெருந்தகையே! குடுவைக்குள் வளரும் உயிரணுக்களிடம் கொஞ்சியும், குடுவையைக் கழுவாமல் வைத்துவிட்டு வீட்டுக்குப் போகும் எங்களிடம் கொதித்தும், முப்பத்தோராண்டு இவ்வாய்வகத்தைக் கட்டியாண்ட கண்டிப்பின் கருவூலமே! எங்கள் ஆசானே! இங்கே கூடியிருக்கும் அத்தனை கைகளும் சேர்ந்து தங்களை வணங்குகின்றன.

வணங்கிய கையோடு ஒரு வம்பையும் சொல்லிவிடுகிறோம். தங்கள் ஓய்வு விழாவில் மடல் வாசிக்கப் போகிறோம் என்று காதில் விழுந்ததுமே தாங்கள் எங்களை நிறுத்திவைத்துச் சொன்னது இந்த ஊருக்கே தெரியும். "மூஞ்சிக்கு நேரா என்னப் புகழ்ந்தீங்கன்னா, இப்பவே சொல்லிட்டேன், பாதியில எந்திரிச்சுப் போய் வாசல்ல பப்பாளிக்காய் இடிச்சு விக்கிறவ கிட்ட உக்காந்துருவேன். அப்புறம் நாற்காலியைப் பாத்துப் படிச்சுக்கங்க" என்றீர்கள். சொன்னால் செய்கிற ஆள் தாங்கள். ஆகவே, ஆசானே, இனி இம்மடலில் வருகிற பென்சிரி தாங்கள் இல்லை. எங்களுக்குத் தெரிந்த வேறொரு பெண்மணி. அவரைப் பற்றி அவையோருக்கு ஒரு கதை சொல்கிறோம். தாங்களும் மற்றவர்களோடு மற்றவராக உட்கார்ந்து கேளுங்கள்.

பென்சிரி பிறந்த வீட்டில், இங்கே எல்லா வீட்டிலும்போல, ஆற்றுமீனைப் பச்சையாகக் கொத்தி, எலுமிச்சை பிழிந்து, மிளகாயும் வறுத்த அரிசிப் பொடியும் தூவிச் சாப்பிட்டார்கள். அதன் ருசிக்கு ஈடு இல்லை என்பதை அவரே இன்றுவரை மறுத்ததில்லை. அந்த மீனுக்குள் இருக்கிற தட்டைப்புழு மனிதரின் பித்தநாளத்தில் குடியேறி, வருடக்கணக்கில் அரித்து, கடைசியில் புற்றாக வெடிப்பதும் இங்கே எல்லாருக்கும் தெரியும். தெரிந்தும் சாப்பிடுவார்கள். மீனை வேகவைத்துத் தின்னுங்கள் என்று ஊர் ஊராகப் போய்ச் சொல்ல நல்லவர்கள் பலர் கிளம்பினார்கள். பென்சிரி வேறொரு கேள்வியைக் கையில் எடுத்தார். ஏற்கெனவே புற்று வந்துவிட்டவனுக்கு என்ன பதில்? அவன் உடம்பில் அந்த அணுக்கள் ஏன் சாகமாட்டேன் என்கின்றன?

நல்ல அணுவுக்கு நாகரிகம் உண்டு. தனக்குள் கேடு புகுந்துவிட்டது என்று தெரிந்தால் அதுவே மூட்டை கட்டிக்கொண்டு கிளம்பிவிடும். தினமும் கோடிக்கணக்கில் அப்படிக் கிளம்புவதால்தான் நாமெல்லாம் இங்கே நலமாக உட்கார்ந்திருக்கிறோம். புற்றணு மட்டும் கிளம்பாது, ஏனென்றால் அதற்குள் ஏதோ ஒரு புரதம் சாவின் வாசலை மறித்துக்கொண்டு நிற்கிறது. அந்தப் புரதத்துக்கு ஆய்வகத்தில் ‘வாசல்காரன்’ என்று பெயர். பத்திரிகைக்காரர்கள் வந்து விளக்கம் கேட்டால் பென்சிரி சொல்வார்: "புற்றணுன்னா, விருந்துக்கு வந்த மச்சான்னு வச்சுக்கங்க. சோறு கேப்பான், பாய் கேப்பான், கெளம்புடான்னா மட்டும் காது கேக்காது. வாசல்காரன் யாருன்னா, அந்த மச்சானுக்குப் பரிஞ்சு பேசுற நம்ம வீட்டு ஆளு. முதல்ல அவனப் புடிக்கணும்." வாசல்காரனைப் பிடிப்பதே அவர் வாழ்க்கை ஆயிற்று.

பிடிக்க வேண்டுமென்றால் உயிரோடு இருக்கிற புற்றணு வேண்டும். அதைத் தந்தவர் சாலி. நீர்த்தேக்கத்தில் வலை வீசிப் பிழைத்தவர், முற்றிய நிலையில் மருத்துவமனைக்கு வந்தவர். அறுவை சிகிச்சையில் எடுக்கும் கட்டியில் ஒரு துண்டு ஆராய்ச்சிக்குத் தருவீர்களா என்று பென்சிரி நேரில் போய்க் கேட்டபோது, "எடுத்துக்கங்க டாக்டரம்மா, எனக்கு வேண்டாத சாமான்தானே" என்று சிரித்துக்கொண்டே சம்மதம் சொன்னாராம். அடுத்த மழைக்கு அவர் இல்லை. அவருடைய அணுக்கள் குடுவையில் பற்றிக்கொண்டு வளர்ந்தன. இவ்வாய்வகம் தன் கையாலேயே வளர்த்த முதல் அணுவரிசை அது. குடுவையின் மேல் ‘சாலி’ என்றே பெயர் எழுதினார்கள்.

இங்கே ஆண்டுதோறும் ஓர் அன்னதானம் நடக்கும். ஆய்வுக்காக உயிர்விட்ட எலிகளுக்கும், உடம்பின் துண்டைத் தந்துவிட்டுப் போன நோயாளிகளுக்கும் புண்ணியம் சேரட்டும் என்று பிக்குகளை அழைத்து உணவளித்து, அவர்கள் ஓதும்போது கிண்ணத்தில் நீர் வார்ப்போம். சாலியின் மனைவி பிம்பா, பேருந்து நிலையத்தில் சுட்ட மீன் விற்பவர், கூடை நிறைய ஒட்டரிசிச் சோறும் மீனுமாக ஒரு வருடமும் தவறாமல் வருவார். கணவர் பெயரைச் சொல்லி நீர் வார்ப்பார். பிறகு அணுக்களை வளர்க்கும் வெதுவெதுப்பான பெட்டியின் முன்னால் வந்து நின்று ஒரே கேள்வியைக் கேட்பார்.

"இன்னும் இருக்காரா?"

"இருக்காரு பிம்பா அக்கா! ஜோரா இருக்காரு. போன வருஷத்தவிட இப்ப இன்னும் வேகமா வளர்றாரு" என்று பென்சிரி பெருமையோடு சொல்வார். ஒருமுறை நுண்ணோக்கியில் காட்டவும் செய்தார். பிம்பா குனிந்து பார்த்தார், ஒன்றும் பேசாமல் நிமிர்ந்தார், தோள்துண்டால் வாயைத் துடைத்துக்கொண்டு கூடையோடு போய்விட்டார். பாவம், ஆனந்தத்தில் பேச்சு வரவில்லை என்று பென்சிரி எங்களிடம் சொன்னார். நாங்களும் தலையாட்டினோம்.

சாலியின் அணுக்களில் வாசல்காரன் பிடிபட்டான். அந்த ஒரு புரதத்தை முடக்கினால் போதும், அத்தனை அணுக்களும் வரிசையாகச் சரிந்து விழுந்தன. கட்டுரை வெளிவந்தது. பாங்காக்கிலிருந்து அழைப்புகள் வந்தன. தொலைக்காட்சியில் எங்கள் குளிர்ப்பெட்டிகூட வந்தது. பென்சிரியின் வலக்கையான விசாய், வாய்ச்சாலகரும் துணைப்பேராசிரியருமான அவர்தான், புதுச் சட்டை தைத்துக்கொண்டார்.

இரண்டாம் கட்டுரையை அனுப்பியபோது ஆய்விதழ் ஒரு சோதனை கேட்டது. கைரேகைபோல அணுவுக்கும் ஓர் அடையாளம் உண்டு. குடுவையில் இருப்பது அதே ஆள்தானா என்று ஒப்பிட்டுக் காட்டுங்கள் என்றார்கள். சாலியின் பழைய கட்டித் துணுக்கு உறைபெட்டியில் கிடந்தது. இரண்டையும் சோதனைக்கு அனுப்பினார்கள். மதியச் சோற்றுக்குக் கை கழுவிக்கொண்டிருந்தபோது முடிவு வந்தது. குடுவையில் இருந்தது சாலி இல்லை. ஆண்கூட இல்லை. வெளிநாட்டிலிருந்து எப்போதோ வாங்கிப் பக்கத்துக் குடுவையில் வளர்த்த யாரோ ஒரு பெண்ணின் புற்றணு!

அணு வளர்ப்பவர்களுக்கே உரிய விபத்து இது. இரண்டு குடுவைக்கும் ஒரே புட்டியிலிருந்து ஊட்டநீர் எடுத்திருப்பார்கள். கண்ணுக்குத் தெரியாத ஒரு துளியோடு அந்தப் பெண்ணின் அணு சாலியின் குடுவைக்குள் புகுந்திருக்கும். அது வேகமாக வளரும் சாதி. சில மாதத்திலேயே சாலியைப் பட்டினி போட்டுக் கொன்றுவிட்டு வீட்டைப் பிடித்துக்கொண்டது. வெளியே ‘சாலி’ என்ற பெயர் மட்டும் அப்படியே இருந்தது. எந்தக் கை செய்த பிழை என்று பென்சிரி கேட்கவில்லை. கேட்க வாயெடுத்தவரையும் உட்காரச் சொல்லிவிட்டார். சோற்றைத் தொடாமல் அறைக்குள் போய், வெளியான கட்டுரையைத் திரும்பப் பெறுகிறேன் என்று அன்று மாலைக்குள் ஆய்விதழுக்கு எழுதிவிட்டார்.

"ஆசான், கொஞ்சம் பொறுங்க! இன்னொரு தடவை சோதிச்சுப் பாக்கலாம், அவசரம் என்ன?" என்று விசாய் வாசலில் நின்று மறித்தார்.

"இன்னொரு தடவை சோதிச்சா அவ ஆம்பளையா மாறிடுவாளா? நகருப்பா."

"உலகமே சிரிக்கும் ஆசான்!"

"சிரிக்கட்டும். எனக்கு உலகத்தப் பத்திக் கவலை இல்ல. வர்ற வாரம் அன்னதானம். பிம்பா அக்கா வந்து நிக்கும். அதுகிட்ட நான் என்ன சொல்லுவேன், அதச் சொல்லு."

விசாய், "சொல்லவே வேண்டாமே. அந்தம்மாவுக்கு இதெல்லாம் என்ன தெரியப் போகுது? வருஷத்துக்கு ஒருநாள் நிம்மதியா வந்துட்டுப் போவுது. அதையும் ஏன் கெடுக்கணும்?" என்றார். உண்மையைச் சொல்வதென்றால், அன்று அறையில் இருந்த பாதிப் பேருக்கு அதே எண்ணம்தான்.

பென்சிரிக்குக் கோபம் வந்து நாங்கள் பார்த்திருக்கிறோம். அன்று வந்தது வேறு மாதிரி, குரலே உயரவில்லை. "தெரியாதுங்கறதாலதான்யா சொல்லணும். தெரிஞ்சவங்கன்னா அவங்களே கண்டுபிடிச்சுக்குவாங்க. புருஷன் செத்தும் சாகலன்னு நம்பிக்கிட்டுக் கூடையத் தூக்கிட்டு வருது அது. நம்ப வச்சவ நான். இப்ப அத எங்கையால பறிக்கணும்" என்றார். சொல்லும்போதே கண் கலங்கிவிட்டது. அந்த வாரம் முழுக்க அவர் யாரையும் திட்டவில்லை. கழுவாத குடுவையைப் பார்த்துவிட்டுத் தானே எடுத்துக் கழுவி வைத்தார். எங்களுக்கு அதைவிடப் பெரிய தண்டனை வேண்டியிருக்கவில்லை.

அன்னதான நாள் வந்தது. பிக்குகள் உண்டு முடித்தார்கள். பிம்பா பாயில் மண்டியிட்டு, சின்னக் கெண்டியைக் கையில் எடுத்துக்கொண்டு, ஓதுதல் தொடங்கக் காத்திருந்தார். இல்லாத ஒருவர் அங்கே இருப்பதாக எண்ணி அவர் நீர் வார்ப்பதைப் பார்த்துக்கொண்டிருக்க பென்சிரியால் முடியவில்லை. எல்லார் முன்னாலும் எழுந்து, முழங்காலில் நகர்ந்து போய் பிம்பாவின் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"அக்கா, ஊத்தறதுக்கு முன்னாடி ஒரு விஷயம். திட்டணும்னா திட்டுங்க, அடிக்கணும்னா அடிங்க. கேட்டுட்டு ஊத்துங்க."

"என்ன டாக்டரம்மா, மூஞ்சி வெளுத்துக் கெடக்கு? சாப்பிடலயா?"

"அந்தக் குடுவையில இருக்கறது உங்க வீட்டுக்காரர் இல்லக்கா. வேற யாரோ ஒரு பொம்பளையோடது. எங்க கைத்தப்புல கலந்து போச்சு. இத்தனை வருஷமா நான் உங்களுக்குக் காட்டினது அவரு இல்ல. எனக்கும் இப்பதான் தெரிஞ்சுது."

பிம்பா கெண்டியைக் கீழே வைத்தார். "அப்ப அவரு?"

"ஆரம்பத்துலயே செத்துட்டாரு."

"எல்லாமா? கொஞ்சம்கூட உசிரோட இல்லயா?"

"இல்லக்கா. பெட்டிக்குள்ள ஒரு துணுக்கு உறைஞ்சு கெடக்கு. அதுல உசிரு கிடையாது. வேணும்னா அத நீங்களே கொண்டுபோய் எரிச்சுடலாம். என்ன மன்னிச்சுடுங்க."

பென்சிரி தலையைக் குனிந்துகொண்டு வசவுக்குக் காத்திருந்தார். பிம்பா இரண்டு கையையும் மார்பில் வைத்துக்கொண்டு, "அப்பாடா!" என்றார். பிக்குகளே திரும்பிப் பார்த்தார்கள்.

"போய்ட்டாரா! முழுசா போய்ட்டாரா! அட கடவுளே, என் வயித்துல பால வார்த்தீங்க டாக்டரம்மா!"

"என்னக்கா சொல்றீங்க?"

"வருஷா வருஷம் எதுக்கு வந்து கேட்டேன்னு நெனச்சீங்க? என்னிக்காவது ஒருநாள் நீங்க இல்லன்னு சொல்லுவீங்கன்னுதான். பாதி மனுசன் இங்க கண்ணாடிக்குள்ள உசிரோட கெடந்தா, மீதி எங்க போய் எப்படிப் பொறக்கும்? அந்தப் பச்சமீன என் கையாலதான் கொத்திக் குடுத்தேன். நல்லபடியாப் போய்ச் சேரவாவது விடணும்ல? நீங்க என்னடான்னா, ஜோரா இருக்காரு, வளர்றாருன்னு பல்லக் காட்டிட்டுச் சொல்லுவீங்க. நான் கூடையத் தூக்கிட்டு ஓடிருவேன்."

"ஒரு வார்த்தை எங்கிட்டச் சொல்லியிருக்கக் கூடாதா?"

"நல்லாருக்கே! அத வச்சுத்தான் நாலு பேரு உசிரக் காப்பாத்தப் போறேன்னு நீங்க சொல்லும்போது, என் புருஷனச் சீக்கிரம் சாகடிங்கன்னு வந்து கேக்கச் சொல்றீங்களா?"

பென்சிரி அழுதார். அழுகைக்கு நடுவில் சிரிப்பும் வந்துவிட்டது. பிம்பா அவர் முதுகில் ஓங்கி ஓர் அடி கொடுத்து, "அழாதீங்க, நல்ல சேதிதானே?" என்றார். பிறகு ஏதோ நினைத்துக்கொண்டவராக, "ஆமா, அந்தப் பொம்பள யாரு?" என்று கேட்டார்.

"தெரியலக்கா. எந்த ஊரோ, என்ன பேரோ. செத்து ரொம்ப நாளாயிருக்கும்."

"அட பாவமே! அவளுக்கு யாரு தண்ணி ஊத்துறா? இத்தனை வருஷம் என் புருஷனுக்குன்னு நான் வச்ச சோத்த அவதான் தின்னிருக்கா. தின்னுட்டுப் போகட்டும், பசியோட வந்திருப்பா. ஏய் தம்பி, வெறிச்சுப் பாக்காத, இன்னொரு கிண்ணம் கொண்டா!"

தம்பி என்று அழைக்கப்பட்ட துணைப்பேராசிரியர் விசாய் ஓடிப்போய், கைக்கு அகப்பட்ட கண்ணாடிக் குவளை ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தார். ஓதுதல் தொடங்கியது. பிம்பா ஒன்றில் சாலிக்கு வார்த்தார், மற்றதில் பெயர் தெரியாத அந்தப் பெண்ணுக்கு வார்த்தார். அவர் கைக்குக் கீழே தன் கையைக் கொடுத்துப் பென்சிரியும் சேர்ந்து வார்த்தார்.

பிறகு நடந்தது அவையோர் அறிந்ததே. கட்டுரை திரும்பப் பெறப்பட்டது. பாங்காக் அழைப்புகள் நின்றன. சிரித்தவர்கள் சிரித்தார்கள். பென்சிரி புதிய நோயாளிகளிடம் சம்மதம் கேட்டு, புதிய அணுக்களை வளர்த்து, குடுவைக்கு ஒரு தனிப் புட்டி என்று சட்டம் போட்டு, முதல் எழுத்திலிருந்து மறுபடி தொடங்கினார். அப்போதுதான் தெரிந்தது, நம் மக்களின் பித்தநாளப் புற்றில் வாசலை மறிப்பவன் ஒருவன் இல்லை, இருவர் என்பது. ஒருவனை இழுத்துப்போட்டால் மற்றவன் வந்து நின்றுகொள்கிறான். பழைய கட்டுரையை நம்பி ஒருவனுக்கு மட்டும் மருந்து செய்திருந்தால் அது எந்த நோயாளிக்கும் உதவியிருக்காது. இருவரையும் சேர்த்து அசைக்கும் வழியை அவர் கண்டார். அந்த மருந்து எலிகளிடம் வென்று, இப்போது மனிதருக்கான முதல் படியில் ஏறியிருக்கிறது. பாங்காக் மறுபடி கூப்பிடுகிறது. விசாய் அன்று தைத்த சட்டைதான் கொஞ்சம் இறுக்கிப் பிடிக்கிறது.

இனி தங்களிடமே பேசுகிறோம், ஆசானே. தாங்கள் இன்னும் எழுந்து போகவில்லை என்பதைக் கவனித்துக்கொண்டோம்.

பிழையை ஒளிக்காத பெருமையே! பிறர் கைப்பிழையைத் தன் தோளில் தாங்கிய தகைமையே! பொய்யான வெற்றியைத் தன் கையாலேயே தூக்கிப்போட்டு, மெய்யான வெற்றியை மீண்டும் தேடிச் சென்ற மேன்மையே! ஆய்வு என்றால் என்ன என்று எங்களிடம் யாராவது கேட்டால், அன்று பாயில் முழங்காலால் நகர்ந்து போனாரே ஒரு பெண்மணி, அதைத்தான் சொல்லுவோம். ஓய்வென்னும் இந்தப் புதுவீட்டில் தாங்கள் நோய்நொடியின்றி, நூறாண்டு, நல்ல உறக்கமும் நல்ல பசியும் நாலுபேரைத் திட்டுவதற்கான தெம்பும் குறையாமல் வாழ வேண்டும். வாசல்காரர் இருவரும் தங்கள் காலடியில் விழுந்த சேதி தங்கள் காதுக்கு எட்ட வேண்டும். மீனை வேகவைத்தே உண்ண வேண்டும். இவை எங்கள் வேண்டுதல்கள்.

இன்னும் சற்று நேரத்தில் தங்கள் மணிக்கட்டில் வாழ்த்துக் கயிறாக வெண்ணூல் கட்டப் போகிறோம். முதல் நூலைக் கட்டப்போவது முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும் பிம்பா அம்மையார். இம்மடலில் தன் பங்குக்கும் ஒரு வரி சேர்க்கச் சொன்னார். திங்கட்கிழமையும் தாங்கள் வந்துவிட மாட்டீர்களா என்று ஏங்கும் எங்களுக்கு அந்த வரியில் சம்மதமே இல்லை. ஆனாலும் அவர் சொன்னபடியே எழுதுகிறோம்:

"டாக்டரம்மா, போறப்ப முழுசாப் போங்க. பாதிய இங்க வச்சுட்டுப் போயிடாதீங்க."

தங்கள் அன்புக்கும் அதட்டலுக்கும் என்றென்றும் உரிய
ஆய்வகத்தார் அனைவரும்,
அவர்களோடு, சாலியின் மனைவி பிம்பா